எங்கே நின்று எடுப்பது? — புகைப்படம்: வாசகர் கேள்வி பதில்

புதிதாகப் புகைப்படம் எடுக்கத் தொடங்கியிருப்பவர்கள் காட்சியமைப்பைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. பலர் தாங்கள் எடுத்த படங்களையும் இணைத்திருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு எழுதிய பதில்கள் இவை. எந்த கேமரா வாங்குவது, கணினியில் வண்ணத்தை எப்படித் திருத்துவது என்பன போன்ற கேள்விகளை வேறோர் இதழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை நடக்கும் ஏலத்தைக் கைபேசியில் அடிக்கடி எடுக்கிறேன். நேரில் அவ்வளவு உயிரோட்டமாக இருக்கும் காட்சி, படத்தில் வெறும் நெரிசலாகத் தெரிகிறது. எங்கே தவறுகிறேன்?
— கல்லூரி மாணவர், ராயபுரம்

பதில்: நேரில் நிற்கும்போது உங்கள் கண் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்ப்பதில்லை. ஏலம் கூறுபவரின் குரல் வந்த பக்கம் திரும்புகிறது, பிறகு தரையில் கொட்டிய மீன் குவியலுக்குப் போகிறது, விலை கேட்டு விரல் காட்டும் ஒருவரிடம் சற்று நிற்கிறது; மற்றதெல்லாம் அந்த நேரத்தில் உங்களுக்கு இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. கைபேசிக்கு அப்படித் தேர்ந்தெடுக்கத் தெரியாது. அதன் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்கு இணையான அகன்ற பார்வை உடையது. எதிரே இருப்பதை எல்லாம், நடுவில் இருப்பது ஓரத்தில் இருப்பது என்ற வேறுபாடு இல்லாமல், கிட்டத்தட்ட ஒரே தெளிவோடு வாரிக்கொள்ளும். ஆகவே உங்கள் கண் தானாகச் செய்த தேர்வை, படம் எடுக்கும்போது நீங்கள் உடம்பை நகர்த்திச் செய்ய வேண்டியிருக்கிறது. காட்சியமைப்பு என்று நூல்கள் விரிவாகச் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

நீங்கள் அனுப்பியதில் ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு பெண்மணி சிவந்த சங்கரா மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார். அவர் முகத்தில் இருக்கும் கண்டிப்பும், மீனிலிருந்து சொட்டும் நீரும் அருமையாக விழுந்திருக்கின்றன. ஆனால் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சிறு லாரியின் எண் பலகை இருக்கிறது. இடப்பக்க ஓரத்தில் யாரோ ஒருவரின் பாதி முழங்கை நுழைந்திருக்கிறது. மேல் விளிம்பில் ஒரு விளக்கு வெள்ளைப் பொட்டாக எரிகிறது. படம் பார்ப்பவரின் கண் பொதுவாக வெளிச்சம் மிகுந்த இடத்துக்கும், எழுத்துகளுக்கும், முகங்களுக்கும், அழுத்தமான நிறத்துக்கும் முதலில் போகும். விளக்கு, எண் பலகை, முகம், மீன் என்று நான்கும் நான்கு திசையில் இழுப்பதால்தான் உங்களுக்கு அது நெரிசலாகத் தோன்றுகிறது. படத்தின் வலப்பக்கத்தில் ஒரு விசைப்படகின் கரும்பச்சை உடல் தெரிகிறது, பாருங்கள். நீங்கள் இடப்பக்கமாக ஓரிரு அடி நகர்ந்திருந்தால் அந்தப் பெண்மணிக்குப் பின்னால் லாரிக்குப் பதிலாக அந்தப் பச்சை மட்டும் வந்திருக்கும். அதன் முன் சிவந்த மீன் தனித்து நின்றிருக்கும். சற்றே குனிந்திருந்தால் விளக்கையும் அவர் தலையே மறைத்திருக்கும்.

எனவே ஏலத்துக்குப் போனதும் கைபேசியை உயர்த்தாமல், முதலில் நல்ல பின்புலம் ஒன்றைத் தேடுங்கள். ஒரே நிறமாக இருக்கும் படகின் பக்கவாட்டு, நிழல் விழுந்த சுவர், வானம், ஈரத் தரை என்று எதுவாகவும் இருக்கலாம். அதற்கு முன்னால் ஆள் வரும்வரை காத்திருங்கள். அந்த இடத்தில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அழுத்துவதற்கு முன் திரையின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒருமுறை சுற்றி வாருங்கள். ஓரத்தில் பாதியாக நுழைந்திருக்கும் கை, கால், வாளி எதுவானாலும் முழுமையாக உள்ளே விடுங்கள், அல்லது முழுமையாக வெளியே தள்ளுங்கள். தொலைவில் இருப்பதை விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதைவிட நடந்து கிட்டப் போவது நல்லது. மீன் கூடை சுமந்து ஓடுபவர்களின் வழியில் மட்டும் நின்றுவிடாதீர்கள்.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. பருவத்துக்கேற்ப ஏறக்குறைய 5.40 மணிக்கும் 6.35 மணிக்கும் இடையில். கடலைப் பார்த்து எடுத்தால் ஆட்கள் கருநிழல் உருவங்களாவார்கள். பாய்மரக் கம்பம், வலை, கயிறு போன்ற வடிவங்களுக்கு அது அழகு, முகத்துக்கு அன்று. முகம் வேண்டுமானால் சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் வருமாறு நில்லுங்கள். வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழும்போது மீன் செதிலின் சொரசொரப்புக்கூடப் படத்தில் தெரியும்.

கேள்வி: மூன்றில் ஒரு பங்கு விதியைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா? எங்கள் ஊர் தியாகராஜர் கோயில் கோபுரத்தை அந்த விதிப்படி ஓரமாக வைத்து எடுத்தால் எனக்கு நிறைவாகவே இல்லை.
— அஞ்சல் துறை ஊழியர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது. படத்தின் பரப்பைக் குறுக்கே இரண்டு கோடுகளாலும் நெடுக்கே இரண்டு கோடுகளாலும் ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளின் மீதோ அவை வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளில் ஒன்றிலோ வைக்கச் சொல்வது அந்த விதி. பெரும்பாலான கைபேசிகளில் கேமரா அமைப்புகளுக்குள் இந்தக் கட்டக் கோடுகளைத் திரையில் வரவழைக்கலாம். இது புகைப்படத்துக்கென்று பிறந்த விதி அன்று. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் 1797-இல் நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய நூலில் இதைப் பெயரிட்டுச் சொன்னார். வானமும் நிலமும், ஒளியும் நிழலும் சரிபாதியாக நின்று ஒன்றோடொன்று போட்டியிடக் கூடாது, ஒன்று மற்றொன்றை விஞ்சி நிற்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. காரணத்தைப் பிடித்துக்கொண்டால் விதியை எப்போது விடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கோபுரம் இருபக்கமும் ஒத்த வடிவம். தனக்குள்ளேயே சமநிலை கொண்ட ஒன்றை ஓரத்துக்குத் தள்ளினால் மறுபக்கத்தில் எஞ்சும் வெற்றிடத்துக்கு வேலை இருக்காது. அதுதான் உங்களை உறுத்துகிறது. கோபுரம் மட்டுமே படம் என்றால் நட்டநடுவில் வையுங்கள். ஆனால் நடுவில் வைப்பதென்றால் துல்லியமாக வைக்க வேண்டும்; வாயிலின் மையமும் உச்சியில் இருக்கும் கலசங்களின் வரிசையும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை இடமும் வலமுமாக நகர்ந்து பாருங்கள். அரைகுறையாக நடுவில் நிற்கும் கோபுரம், ஓரத்தில் நிற்பதைவிட மோசமாகத் தெரியும். கிட்டே நின்று கைபேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்னால் விழுவதுபோல் குறுகும். அதைத் தவிர்க்க, கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்தபடியே முழுக் கோபுரமும் அடங்கும் தூரத்துக்குப் பின்வாங்குங்கள். தெரு இடம் கொடுக்காவிட்டால், எதிரில் உள்ள மாடி ஒன்றில் ஏற அனுமதி கேளுங்கள். 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப்பிடம் இருந்தது பெரிய மரக் கேமராவும் காகித நெகட்டிவும். அந்தச் சுமையோடு நினைத்த இடத்தில் நின்று சுட்டுத் தள்ள முடியாது என்பதால், நிற்கும் இடத்தை முதலில் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. அந்தக் கட்டாயத்தை நாமே நமக்கு விதித்துக்கொள்ளலாம்.

அதே கோபுரத்தை ஓரத்தில் வைக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. கோபுர நிழலில் பூக்கட்டும் ஒருவர் உங்கள் படத்தின் நாயகர் என்றால், அவர் கீழே ஒரு வெட்டுப்புள்ளியிலும் கோபுரம் எதிர்ப்பக்கக் கோட்டிலும் நிற்கட்டும். அப்போது இருவருக்கும் இடையே உள்ள வெளியும் படத்தில் பங்கெடுக்கும்.

கேள்வி: குடும்பப் படங்களில் யாராவது ஒருவர் தலையில் கம்பம் முளைத்ததுபோல் வருகிறது, ஓரத்தில் நிற்பவர்கள் அகன்று தெரிகிறார்கள். வீடோ சின்னது. என்ன செய்யலாம்?
— குடும்பத் தலைவி, தண்டையார்பேட்டை

பதில்: கம்பம், கதவு நிலை, துணிக் கொடி ஆகியவை தலைக்கு நேர் பின்னால் வராதபடி நீங்கள் ஓர் அடி நகர்ந்தால் போதும், நிற்பவர்களை நகர்த்த வேண்டியதில்லை. கிடைக்கோடும் கழுத்தை வெட்டக் கூடாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு எல்லோருடைய கழுத்துக்கும் நேராக ஓடுவதை உங்கள் படத்தில் பார்த்தேன். நீங்கள் கைபேசியைச் சற்று உயர்த்திப் பிடித்திருந்தால் அது மேலேறி அவர்களின் தலைக்குப் பின்னால் போயிருக்கும். தாழ்த்தினால் மார்பளவுக்கு இறங்கும். இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஓரத்தில் இருப்பவர்கள் அகன்று தெரிவதற்குக் காரணம், நீங்கள் மிக அருகில் நின்று அகன்ற லென்ஸில் எடுப்பது. கைபேசியில் 0.5 என்று காட்டும் லென்ஸைக் குழுப்படத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம். வீட்டுக்குள் பின்வாங்க இடமில்லை என்றால் எல்லோரையும் மாடிக்கோ தெருவுக்கோ அழைத்துப் போங்கள்; முடியாவிட்டால் ஒரே வரிசையாக நிறுத்தாமல், பெரியவர்களை நாற்காலியில் அமர்த்தி, குழந்தைகளைத் தரையில் உட்காரவைத்து, மற்றவர்களைப் பின்னால் நெருக்கி நிறுத்துங்கள். குழு குறுகினால் யாரும் ஓரத்துக்குப் போக மாட்டார்கள். ஒருவரை மட்டும் முகம் தெரிய எடுக்கும்போது ஓர் ஆள் நீளத்துக்குக் குறையாமல் தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸைத் தேர்ந்தெடுங்கள். முகத்தின் விகிதம் மாறுவது லென்ஸால் அன்று, தூரத்தால். கிட்டே போகப் போக மூக்கு பெரிதாகிக் காது சிறுத்துவிடும்.

கேள்வி: வழிநடத்தும் கோடுகள் என்றாலே தண்டவாளத்தை எடுக்கச் சொல்கிறார்கள். புதுக் கேமரா வாங்கிய என் பேரன் தண்டவாளத்தில் நின்று எடுக்கக் கிளம்புகிறான். நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள்.
— ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளர், பெரம்பூர்

பதில்: ஐயா, நீங்கள் கவலைப்படுவது முற்றிலும் சரி. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். அதைவிட, இன்றைய மின்சார ரயில் அருகே வரும்வரை சத்தம் காட்டுவதில்லை என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தப் படமும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். கோடு ஓர் இடத்துக்குக் கண்ணைக் கூட்டிப்போக வேண்டும். போன இடத்தில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஆளில்லாத தண்டவாளம் தொடுவானத்தில் போய் மறைவதை எல்லோரும் எடுத்துவிட்டார்கள், கோடு முடியும் இடத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. கோடுகள் தண்டவாளத்தில் மட்டுமா இருக்கின்றன? ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார். 1856-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் தூண் வரிசை, சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போகும். சென்னையின் புகைப்படச் சங்கம் தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டு, 1857-இல். இந்த நகரத்தில் ரயிலும் கேமராவும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தவை. நிலைய வளாகத்துக்குள் எடுப்பதற்கு முன் நிலைய அதிகாரியிடம் கேட்டுக்கொள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ பாதையைத் தாங்கி நிற்கும் தூண்கள், எண்ணூர் விரைவுச் சாலையோரம் கடலைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் விளிம்பு, கரையில் கட்டிய படகிலிருந்து உன் காலடிவரை நீளும் கயிறு ஆகிய மூன்றும் நல்ல கோடுகள். கோடு படத்தின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கட்டும். மூலையைத் துல்லியமாகக் குத்தாமல் சற்றுத் தள்ளியே தொடங்கட்டும். அது முடியும் இடத்துக்கு ஒரு சைக்கிளோ, நடந்து வரும் ஒருவரோ வரும்வரை காத்திரு. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் தண்டவாளத்துக்கு ஓடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். தீபாவளிக் கூட்டத்தைக் கடைக்குள்ளிருந்து எடுக்க ஆசை. ஏதாவது உத்தி உண்டா?
— கடை ஊழியர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கடைக்குள் இருப்பதே உங்களுக்குக் கிடைத்த வசதி. வாசலின் இரு பக்கமும் தொங்கும் புடவைகளுக்கு நடுவே தெருவைப் பாருங்கள். அவையே படத்துக்குள் இன்னொரு சட்டகமாகி, கூட்டத்தை ஓர் அளவுக்குள் அடக்கிக் காட்டும். இந்தியத் தெருக்களை வண்ணத்தில் பதிவு செய்ததற்காக உலகம் முழுவதும் மதிக்கப்படும் ரகுபீர் சிங், அம்பாசடர் காரின் சன்னலையும் கதவையும் கண்ணாடியையும் இப்படியே சட்டகமாக்கிப் பல படங்களை எடுத்திருக்கிறார். கடைக்குள் இருட்டாகவும் தெரு வெளிச்சமாகவும் இருப்பதால், திரையில் தெருவைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். புடவைகள் மங்கலாகி ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். தொங்கவிடும் புடவைகள் இரண்டு மூன்று நிறங்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் படம் அமைதியாக இருக்கும். அந்தத் தெருவில் அது எளிதன்று என்பதும் தெரியும்.

கேள்வி: புளியந்தோப்பில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். வெளியிலிருந்து வந்து எங்கள் பகுதியை எடுப்பவர்களின் படங்களில் நாங்கள் எப்போதும் பரிதாபத்துக்கு உரியவர்களாகவே தெரிகிறோம். அது எடுப்பவரின் மனம் சார்ந்ததா, காட்சியமைப்பு சார்ந்ததா? பிள்ளைகளுக்கு எதைக் கற்றுத்தருவது?
— சமூகப் பணியாளர், புளியந்தோப்பு

பதில்: வந்த கேள்விகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். எடுப்பவரின் மனம் படத்துக்குள் நுழைவது காட்சியமைப்பின் வழியாகத்தான்; வேறு வாசல் அதற்கு இல்லை. ஆகையால் இதைக் கற்றுத்தர முடியும்.

முதலாவது கேமராவின் உயரம். தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் மீன் நறுக்கும் ஒரு பெண்மணியை நின்றபடி எடுத்தால், அவருடைய உச்சந்தலையும் சுற்றிலும் உள்ள ஈரத் தரையும் கழிவும்தான் சட்டகத்தை நிரப்பும். அவர் நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பார்வை கெஞ்சுவதுபோல் பதிவாகும். அதே இடத்தில் நீங்கள் குந்தி உட்கார்ந்து, லென்ஸை அவர் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தால், தரை ஒரு கோடாகச் சுருங்கிவிடும், பின்னால் தெருவும் வாடிக்கையாளர்களும் வருவார்கள், செதிலை ஒரே இழுப்பில் சீவும் கையின் தேர்ச்சி படத்தின் நடுவுக்கு வரும். ஆளும் அவர்தான், இடமும் வெளிச்சமும் அவைதாம். மாறியது எடுப்பவரின் முழங்கால் மட்டுமே. குழந்தைகளையும் அவர்கள் உயரத்துக்கு இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, எதை உள்ளே வைத்து எதை வெளியே விடுகிறோம் என்பது. ஒருவரை அவருடைய வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் உறவினர்களிடமிருந்தும் பிரித்து, முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அவர் யார் என்பது மறைந்து வறுமை மட்டும் எஞ்சும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இருக்கிறது, காட்டப்பட வேண்டியதும்கூட. ஆனால் மேட்டையும் அதன் ஓரத்துக் குடியிருப்பின் சன்னல்களையும் காயும் துணிகளையும் ஒரே சட்டகத்தில் வைக்கும் படம், இந்த மேட்டோடு யார் வாழ நேர்ந்திருக்கிறது என்று கேட்கும். மேட்டின் மீது ஒரு சிறுவனை மட்டும் தனியாக நிறுத்தும் படம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

மூன்றாவது தூரம். தெருக்கோடியில் மறைந்து நின்று நீண்ட லென்ஸில் எடுப்பவருக்குப் பேச வேண்டிய அவசியம் இல்லை. கிட்டே போனால் பேசித்தான் ஆக வேண்டும்: "அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். எடுத்த படத்தை அவரிடமே காட்டும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துங்கள். வகுப்புக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒவ்வொருவரும் தங்கள் அம்மாவோ அப்பாவோ வேலை செய்வதை நின்றபடி ஒன்று, அவர் கண்மட்டத்தில் ஒன்று, அவர் கைகளுக்கு மிக அருகில் ஒன்று என்று எடுத்து வரட்டும். மூன்றையும் சுவரில் அடுத்தடுத்து ஒட்டிவைத்து எது அவருக்குப் பிடித்தது என்று அந்தப் பெற்றோரையே வரவழைத்துக் கேளுங்கள். பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதும் பெற்றோர் தேர்ந்தெடுப்பதும் வேறுபடும்போது நல்ல விவாதம் நடக்கும்.

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் எடுக்கும் படங்கள் வெறிச்சென்று வருகின்றன. நேரில் பிரம்மாண்டமாகத் தெரியும் புகைபோக்கிகள் படத்தில் தீக்குச்சி அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன.
— தனியார் நிறுவன ஊழியர், எண்ணூர்

பதில்: அகன்ற லென்ஸ் தொலைவில் உள்ளதைச் சிறிதாக்கி, கிட்டே உள்ளதைப் பெரிதாக்கும். கிட்டே ஒன்றும் இல்லாமல் எடுத்தால் வெறுமைதான் மிஞ்சும். ஆகவே முன்புலத்தில் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள்: கரையில் ஏற்றிவைத்த ஃபைபர் படகின் முனை, உலரும் வலை, சேற்றில் பதிந்த காலடித் தடம். கைபேசியை இடுப்புக்குக் கீழே இறக்கி அதை நெருங்கினால் அது படத்தின் அடிப்பகுதியை நிரப்பும். அதைத் தாண்டி நீரும், நீரைத் தாண்டிப் புகைபோக்கிகளும் வரும்போது பார்ப்பவருக்கு ஆழம் புலப்படும். இந்த மூன்று அடுக்குகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பது முக்கியம். கழிமுகத்து நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் ஒருவரின் தலைக்கு நேர் மேலே புகைபோக்கி நின்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சில அடிகள் நகர்ந்து, இரண்டுக்கும் நடுவே வானத்தை விடுங்கள். அந்த இடைவெளியில்தான் இறால் பிடிப்பவரும் அனல்மின் நிலையமும் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் கதை தெரியும். புகைபோக்கிகள் பெரிதாகவே தெரிய வேண்டுமென்றால், படகிலிருந்து நன்றாகப் பின்வாங்கி 3 அல்லது 5 மடங்கு லென்ஸில் எடுத்துப் பாருங்கள். படகுக்கும் புகைபோக்கிக்கும் இடையே உள்ள தூரம் சுருங்கியதுபோல் தோன்றி, அவை படகின் மேல் கவிந்து நிற்கும்.

தொடுவானத்தை நடுவில் ஓட விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்து மேகம் இருந்தால் வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். கோடையின் வெளிறிய வானம் என்றால் ஒரு கீற்றுப் போதும். கடல் தெரியும் படத்தில் தொடுவானம் சற்றுச் சாய்ந்தாலும் நீர் வழிந்துவிடுவதுபோல் தோன்றும். தொழிற்சாலை, துறைமுக வளாகங்களுக்கு அருகே படமெடுக்கத் தடை இருக்கும் இடங்களில் அதை மதித்து, பொதுச் சாலையிலிருந்து எடுங்கள்.

கேள்வி: நாங்கள் தினமும் கால்பந்து விளையாடுவோம். அண்ணன்கள் பந்தோடு ஓடும்போது எடுத்தால் படம் நன்றாக வருவதில்லை.
— பள்ளி மாணவர், வியாசர்பாடி

பதில்: ஓடுபவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கத்தில் காலி இடம் விடு, தம்பி. அவர் மூக்குக்கு முன்னால் சட்டகம் முடிந்துவிட்டால் சுவரில் மோதப்போகிறவர்போல் இருக்கும். மைதானத்தின் ஓரத்தில் முழந்தாளிட்டு எடுத்தால் கால்களும் பந்தும் வானத்தின் முன் உயர்ந்து தெரியும். பந்து படத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பந்து இல்லாத கால்பந்துப் படத்தில் எல்லோரும் எதற்கு ஓடுகிறார்கள் என்பது தெரியாது.

கேள்வி: கேமராவோடு வந்த 18–55 லென்ஸ் மட்டுமே இருக்கிறது. காட்சியமைப்பைக் கற்க இது போதுமா?
— தொடக்கநிலைக் கலைஞர், கொருக்குப்பேட்டை

பதில்: தாராளமாகப் போதும். உங்கள் கேமராவின் சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) 1.5 மடங்கு வகை, அதாவது லென்ஸின் எண்ணை 1.5-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டிய வகை என்றால், லென்ஸை 35-க்கு அருகில் வைத்துவிட்டால் அது பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. பார்வைக்கு நெருங்கி வரும். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்டியே-பிரெஸ்ஸோன் தம் பணியின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கொண்டே செய்தார். ஒரு மாதத்துக்கு அந்த இடத்திலிருந்து லென்ஸைத் திருப்புவதில்லை என்று வைத்துக்கொண்டு, பெரிதாக்கவும் சிறிதாக்கவும் கால்களைப் பயன்படுத்துங்கள். எவ்வளவு தூரத்தில் நின்றால் எவ்வளவு அடங்கும் என்பது கேமராவை உயர்த்துவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: சட்டகத்துக்குள் கச்சிதமாக நிரப்பி எடுத்த படத்தை ஸ்டுடியோவில் அச்சுப் போட்டால் அம்மாவின் கால் விரல்கள் வெட்டுப்பட்டுவிட்டன. ஏன்?
— ஐ.டி.ஐ. மாணவி, மூலக்கொத்தளம்

பதில்: கைபேசிப் படம் வழக்கமாக 4:3 என்ற விகிதத்தில் பதிவாகிறது, ஸ்டுடியோவில் போடும் 4×6 அங்குல அச்சின் விகிதம் 3:2. நீளப் பக்கத்தைப் பொருத்தும்போது குறுகிய பக்கத்தின் இரு ஓரங்களிலும் கொஞ்சம் போய்விடும். கைபேசியைப் படுக்கவைத்து எடுத்த உங்கள் படத்தில் அது மேலும் கீழும் போயிருக்கிறது. அச்சிடப் போகும் படம் என்று முன்பே தெரிந்தால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சற்று இடம் விட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்ததற்கு, ஓரம் வெட்டாமல் முழுப் படத்தையும் வெள்ளை விளிம்போடு போட்டுத் தரச் சொன்னால் ஸ்டுடியோவில் செய்துகொடுப்பார்கள்.